விஎம்-ஐ நெட்வொர்க்கில் சேர்க்க நாட்டா, மேக்விடேப்பா, பிரிட்ஜா?

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கடை என்றால் பழைய வீடுதான். முகப்பில் பில் போடும் கணினிகள் இரண்டு, இரண்டாம் கட்டில் மணகோலமும் கைமுறுக்கும் பொட்டலம் ஆகிற இடம், அதற்குப் பக்கத்து அறையில் லினக்ஸ் போட்ட ஒரு டெஸ்க்டாப். அதில் கேவிஎம் என்ற லினக்ஸ் வசதி மூலம் இரண்டு விஎம் (கணினிக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி) ஓடுகின்றன: கணக்கு மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், கோப்புகளுக்கு ஒரு டெபியன். இவற்றைக் கடை நெட்வொர்க்கில் சேர்க்க நாட், மேக்விடேப், பிரிட்ஜ் என்ற மூன்று வழியையும் அங்கே ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது இருப்பது பிரிட்ஜ், அதை மாற்றும் எண்ணம் இல்லை.

விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளைப் போட்டதுமே கூடவே வருவது நாட்: விஎம்கள் தனி வலையில் இருந்துகொண்டு, ஹோஸ்டின் (அவற்றைத் தாங்கும் கணினியின்) முகவரி வழியாக வெளியே போகும். 192.168.122 என்று தொடங்கும் ஐபி விஎம்முக்குக் கிடைக்கும், இணையம் வரும். மடிக்கணினியில் சோதனைக்கு வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் முகப்பில் இருக்கிற கணினி விஎம்மைத் தொட வேண்டுமென்றால் ஹோஸ்டுக்கு வருவதை விஎம்முக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுத வேண்டும். நானும் எழுதினேன், ஓடியது. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் கடைக்கார ஆச்சி போன் செய்து, "தம்பி, பில்லு வரல, வாசல்ல ஆளு நிக்குது" என்றார். போய்ப் பார்த்தால் விஎம் ஓடுகிறது, விதியும் இருக்கிறது. கணினி எழும்போது என் விதி முதலில் ஏறிவிட்டது, அப்புறம் எழுந்த லிப்விர்ட் தன் தடுப்பு விதிகளை அதற்கு மேலே செருகிவிட்டது, அதனால் என் விதி வரைக்கும் எதுவும் வந்து சேரவே இல்லை. ஹூக் ஸ்கிரிப்ட் (லிப்விர்ட் தானே ஓட்டும் சிறு நிரல்) எழுதிச் சரி செய்யலாம், செய்தேன். ஆனால் புதிதாக ஒரு போர்ட் தேவைப்படும்போதெல்லாம் அந்த ஸ்கிரிப்டைத் திறக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஊரில் இல்லாத நாளில் அந்தக் கடை நிற்கக்கூடாது. எனக்கு முடிவைச் சொன்னது அதுதான்.

விஎம்மை நேராக லேன் கார்டோடு இணைக்கும் மேக்விடேப்புக்கு ஹோஸ்டில் எதையும் மாற்ற வேண்டாம், விஎம் அமைப்பில் தேர்ந்தெடுத்தால் ரூட்டரிலிருந்தே ஐபி வந்துவிடும். சிக்கல் ஒன்றுதான்: ஹோஸ்டும் விஎம்மும் ஒன்றோடொன்று பேச முடியாது. விஎம் அனுப்புவது நேராகக் கேபிள் வழியே வெளியே போய்விடும், சாதாரண ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) அதை வந்த போர்ட்டிலேயே, அதாவது வந்த கேபிள் துளையிலேயே, திருப்பி அனுப்பாது. ராத்திரி பேக்கப்பை ஹோஸ்டின் வட்டில்தான் எடுக்கிறேன் என்பதால் எனக்கு இது ஒத்து வரவில்லை.

பிரிட்ஜ் என்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் ஒரு ஸ்விட்ச். லேன் கார்டு அதில் ஒரு போர்ட், ஒவ்வொரு விஎம்மும் ஒரு போர்ட். ஐபி கார்டில் இருக்கக்கூடாது, பிரிட்ஜில் இருக்க வேண்டும். இதை தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வசதி) வழியாகச் செய்தேன், கார்டைப் பிரிட்ஜில் சேர்த்த நொடியே இணைப்பு அறுந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போக வேண்டியதாயிற்று. மானிட்டரும் கீபோர்டும் முன்னால் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பிரிட்ஜுக்கு வேறு மேக் முகவரி (லேன் கார்டை அடையாளம் காட்டும் எண்) வந்துவிடலாம், அப்படி வந்தால் ரூட்டரில் ஒதுக்கி வைத்த ஐபி கிடைக்காது. அதனால் கார்டின் முகவரியையே பிரிட்ஜுக்கும் எழுதிவிட்டேன். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில், பிரிட்ஜுக்கு எஸ்டிபி (வலையில் சுற்று உண்டாகாமல் தடுக்கும் முறை) இயல்பாக இயங்கும். ஒவ்வொரு போர்ட்டும் திறக்க 15 நொடியாக இரண்டு கட்டம், மொத்தம் அரை நிமிடம் போகும். அதற்குள் சில நேரம் விஎம் ஐபி கேட்டு ஓய்ந்துவிடும். பிரிட்ஜ் ஒன்றுதான், சுற்றி வர வேறு வழி இல்லை என்றால் எஸ்டிபியை நிறுத்திவிடலாம். அதே ஹோஸ்டில் டாக்கரும் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) போட்டால் கவனம், அது ஹோஸ்ட் வழியே கடந்து போவதற்கான ஃபார்வர்ட் விதியை மூடிவிடுவதால் பிரிட்ஜில் இருக்கும் விஎம்களும் ஊமையாகிவிடலாம்.

இவ்வளவும் ஒருமுறை செய்யும் வேலை. அதன் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்துவிட்டது, பில் நிற்கவில்லை. விஎம்கள் ரூட்டர் பட்டியலில் மற்ற கணினிகளைப் போலவே தெரிகின்றன, யார் வந்து பார்த்தாலும் புரியும்.

ஓப்பன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்ச்சையும் ஒரு மாலை போட்டுப் பார்த்ததோடு சரி. ஒரே வலையைப் பல தனி வலைகளாக (விலான்) நிறையப் பிரிப்பவர்களுக்கு அது உதவும், இரண்டு விஎம்முக்கு அது தேவைப்படவில்லை.

ஹோஸ்ட் வைஃபையில் இருந்தால் மட்டும் பிரிட்ஜ் ஆகாது. எந்த மேக் முகவரி இணைந்ததோ அதிலிருந்து வருவதை மட்டுமே ரூட்டர் ஏற்கும், விஎம்மின் முகவரியை ஏற்காது. அப்போது நாட்தான் வழி, இல்லையென்றால் கேபிள் இழுக்க வேண்டும். நாங்கள் இழுத்தோம். சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்க ஆச்சி விடவில்லை, அதனால் முகப்பிலிருந்து வளவுத் தாழ்வாரத்தின் உத்தரத்தை ஒட்டியே இரண்டாம் கட்டு வரை கேபிள் போகிறது.