பதிவேட்டில் எண்டா கென்னி: அயர்லாந்து நாடாளுமன்ற விவாதக் காப்பகம் பற்றி

அயர்லாந்து நாடாளுமன்றம், 1919 ஜனவரி 21 அன்று கூடிய முதல் அமர்விலிருந்து தன் விவாதங்களைக் கட்டணமின்றி இணையத்தில் படிக்கத் தருகிறது. ஏதோ ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பதைவிட, நெடுங்காலம் அவையில் இருந்த ஒருவரைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வதே இச்சேவைக்குத் தகுந்த சோதனை என்று கருதி, மேயோ கவுண்டியிலிருந்து வந்து பின்னாளில் பிரதமரான எண்டா கென்னியைத் தேர்ந்தெடுத்தேன்.

தந்தை ஹென்றி கென்னி மறைந்ததால் 1975 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில், பள்ளி ஆசிரியராக இருந்த கென்னி 24 வயதில் வென்றார். பொதுத்தேர்தல்தோறும் புதிதாக அமையும் கீழவையில், 2020 வரை 13 அவைகளில் தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். நடுவே, 1997இல், மேயோ மேற்குத் தொகுதி ஒன்றுபட்ட மேயோவில் கரைந்துபோனது. ஆயினும் அவர் பெயரிலுள்ள ஒரே பக்கத்திலிருந்து எல்லா ஆண்டுகளுக்கும் செல்ல முடிகிறது.

காப்பகத்தின் உண்மையான செல்வம் உரைகளில் இல்லை, உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேட்கும் எழுத்துபூர்வக் கேள்விகளில் இருக்கிறது. ஓய்வூதியம் தாமதமான முதியவர், தொலைபேசி இணைப்புக்குக் காத்திருந்த குடும்பம் என்று கிராமத்தின் அன்றாடம் முழுவதும் அமைச்சர்களின் மேசைக்குச் சென்றது அந்த வழியாகத்தான். விவாதப் பதிவின் பழைய நூல்தொகுதிகளில் மனுதாரரின் பெயரே அச்சாகியிருக்கும். பிற்காலத்தில் அது 'விவரம் அளிக்கப்பட்ட நபர்' என்றானது, நல்ல வேளையாக.

பிரதமரான பிறகு வரும் பக்கங்களில், குளோய்ன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகள் கையாளப்பட்ட விதம் பற்றிய அறிக்கை குறித்து 2011 ஜூலை 20 அன்று வத்திக்கானைக் கடுமையாகச் சாடிய உரையையும், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய மக்தலேன் சலவையகங்களில் அடைக்கப்பட்டு ஊதியமின்றி உழைத்த பெண்களிடம் அரசின் சார்பில் 2013 பிப்ரவரி 19 அன்று மன்னிப்புக் கேட்ட உரையையும் தவறவிடக் கூடாது.

பதிவேட்டில் இடம்பெற வழியில்லாத பாதியும் ஒன்றுண்டு. பல உறுப்பினர் தொகுதியில், வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிட்டு வாக்களிக்கும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில், சொந்தக் கட்சிக்காரரே போட்டியாளர் ஆகிவிடுகிறார். 2011இல் மேயோவின் 5 இடங்களில் 4 கென்னியின் ஃபினே கேல் கட்சிக்கே கிடைத்தன. ஆகவே வாக்காளரை நேரில் சந்திக்கும் 'கிளினிக்' நாட்களும், துக்க வீடுகளில் தலைகாட்டுவதும்தான் இருக்கையைக் காத்தன. அவற்றுக்குச் சுருக்கெழுத்தாளர் கிடையாது.

ஐரிஷ் மொழியில் பேசப்பட்டவை அம்மொழியிலேயே அச்சாகின்றன என்பதால், கென்னி போன்ற ஐரிஷ் அறிந்த உறுப்பினர்களைப் படிப்பவர் அகராதியும் வைத்துக்கொள்ள வேண்டும். முதன்முறை நுழைவோர் உரைகளை ஒதுக்கிவிட்டு, ஏதேனும் ஓராண்டின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாலைப்பொழுது போதாது.