குட்டியா, வளர்ந்த நாயா: பாசம் எப்படி ஒட்டுகிறது?

குட்டிக்கு நாம்தான் உலகம். பிறந்து 3 முதல் 12 வாரத்துக்குள் பழகும் மனிதர்களை அது எளிதில் சொந்தமாக்கிக்கொள்ளும்.

வளர்ந்த நாய் அப்படியில்லை. முதல் சில நாள் மூலையில் சுருண்டு கிடக்கும். கை நீட்டினாலே கண்ணை இறுக்கிக்கொள்ளும். பிறகு ஒருநாள் தானாகவே எழுந்து வந்து, நம் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் பெருமூச்சு விடும். அந்தக் கனம் காலில் பட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று.

நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவருக்குமே ஆக்ஸிடோசின் கூடுவதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹார்மோன்! மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது தென்படவில்லை.

வளர்ந்த நாயிடம் அந்தப் பார்வைக்காகக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவே சொல்வேன்.