பாறை ஏற்றத்துக்கான காரபினர்: பாரிமுனைக் கொக்கியா, அலுமினியமா, எஃகா?

வடசென்னையில் கொக்கிக்குப் பஞ்சமில்லை. தார்ப்பாய் கட்டுவதிலிருந்து சரக்குத் தூக்குவது வரை எல்லா வேலைக்கும் உரிய கொக்கிகள் பாரிமுனை இரும்புக் கடைகளிலும் காசிமேட்டில் படகுச் சாமான் விற்கும் இடங்களிலும் கிடைக்கின்றன. அவற்றுள் ஸ்நாப் கொக்கி பார்வைக்கு அப்படியே, பாறை ஏறுபவர்கள் கயிற்றைக் கோக்கும் உலோக வளையமான காரபினர்தான், விலையோ மிகக் குறைவு. பாறை ஏறப் புதிதாகக் கிளம்பும் இராயபுரத்து இளைஞர் அதை எடுத்துப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் அதை வாங்கக் கூடாது. ஏற்றத்துக்கான காரபினரின் முதுகில் மூன்று வலிமை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இ.என். 12275 என்ற ஐரோப்பியத் தரவிதியின்படி, அடிப்படை வகைக் காரபினர் நீளவாக்கில் கேட் (திறந்து மூடும் பக்கம்) மூடிய நிலையில் குறைந்தது 20 கிலோநியூட்டனையும், கேட் திறந்த நிலையிலும் குறுக்குவாக்கிலும் 7 கிலோநியூட்டனையும் தாங்க வேண்டும். ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ நூறு கிலோ எடைக்குச் சமம். ஸ்நாப் கொக்கியில் பெரும்பாலும் எந்த எண்ணும் இருப்பதில்லை; இருந்தாலும் கேட் திறந்த நிலையில் அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு விடை கிடைக்காது. சரக்குத் தூக்கும் ஷேக்கிளின் (ஆணியிட்டு மூடும் வளைந்த இரும்புக் கொளுவி) கதை வேறு. அதில் பொறிக்கும் டன் கணக்கு வேலைச் சுமையை, அதாவது வேலையின்போது ஏற்றலாம் எனும் உச்ச அளவைக் குறிப்பது. உடையும் சுமை அதைப்போல் பல மடங்கு. காரபினரில் பொறிப்பதோ உடையும் வலிமையையே. துறைமுக வேலை தெரிந்தவர்கள் இரண்டையும் ஒரே கணக்காக வாசித்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த போட்டி அலுமினியத்துக்கும் எஃகுக்கும். எடையில் அலுமினியத்துக்கே வெற்றி: எஃகுக் காரபினர் அதைவிட இரண்டு, மூன்று மடங்கு கனக்கும். தேய்மானத்தில் நிலைமை தலைகீழ். டாப் ரோப் முறையில் கயிறு பாறை உச்சியில் பொருத்திய பிடிமானமான மேல் ஆங்கரின் வழியாகச் சென்று திரும்புவதால், ஒவ்வொருவரையும் கீழே இறக்கும்போது மண் படிந்த கயிறு அரம்போல் உலோகத்தை அராவுகிறது. அலுமினியத்தில் பள்ளம் விரைவில் விழும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகிவிட்டால் கயிற்றையே அறுக்கக்கூடும். குழுவாக ஒரே பாறையில் மாலைவரை ஏறுபவர்களுக்கு மேல் ஆங்கரில் இரண்டு எஃகுக் காரபினர்கள் இருப்பதே என் தேர்வு. இடுப்பில் தொங்கும் மற்றவை அலுமினியமாகவே இருக்கட்டும்.

கடற்கரைக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ சன்னலோரம் தொங்கவிட்ட காரபினரில் உப்புக்காற்று வேலையைக் காட்டும்: அலுமினியத்தில் வெண்பொடி பூக்கும், துத்தநாகம் பூசிய எஃகில் துரு ஏறும், இரண்டிலும் கேட்டின் சுருள்வில் இறுகும். துருப்பிடிக்காத எஃகு இதில் பெரிதும் தப்பிக்கும் என்றாலும், அதையும் அலுமினியத்தையும் ஒன்றோடொன்று கோத்து ஈரத்தோடு வைத்தால் அரிப்பு அலுமினியத்தையே தாக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, கேட்டின் கீலில் மட்டும் உலர் மசகு இட்டு, தனித்தனியாக மூடிய பெட்டியில் வைப்பது உத்தமம்.

பூட்டும் கேட்டில் ஸ்குரூ கேட், ஆட்டோ லாக் என இரு தரப்பு உண்டு. ஆட்டோ லாக் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்பதால் மறதிக்காரர்களுக்கு நல்லது. ஆனால் உள்ளே சுருள்வில்லும் சுழலும் உறையும் இருப்பதால் மணலும் உப்பும் புகுந்தால் பாதி மூடிய நிலையில் நின்றுவிடக்கூடும். ஸ்குரூ கேட்டைக் கையால் திருக வேண்டும், ஏறும் முன் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். நம் காற்றுக்கு எளிய பொறியே நீடிக்கும் என்பதால் பிலேவுக்கு, அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பதற்கு, நான் பரிந்துரைப்பது அகன்ற தலை கொண்ட ஹெச்.எம்.எஸ். வடிவ ஸ்குரூ கேட். முட்டை வடிவம் கப்பிக்குப் பொருந்தும். பிலேவுக்கு அது வேண்டியதில்லை.

குவிக்டிராவில் (பாறையிலுள்ள பிடியையும் கயிற்றையும் இணைக்கும், இரு முனையிலும் காரபினர் கொண்ட நாடா) மட்டும் பூட்டில்லாதவை போதும், அதிலும் கம்பியாலான வயர் கேட்டே மேல். ஏறுபவர் விழும்போது காரபினர் பாறையில் அடிபட்டால் கனமான கேட் தன் வேகத்தாலேயே நொடிப்பொழுது திறக்கும்; அப்போது மிஞ்சுவது மேலே சொன்ன 7 கிலோநியூட்டன்தான். கம்பிக் கேட் இலேசாக இருப்பதால் அப்படித் திறக்கும் வாய்ப்புக் குறைவு.