தனிக்கச்சேரியா, நட்டுவாங்கமா: பரதத்தில் நெடுநாள் நிற்க எது உதவும்?

அரங்கேற்றம் முடிந்து, பட்டயமும் கைக்கு வந்து, இருபத்தைந்து வயதை நெருங்கும் பரதநாட்டியக்காரர்கள் சென்னையில் கூடிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளே பேச்சில் அடிபடும். தனிக்கச்சேரி செய்யும் நர்த்தகியாகப் பெயர் வாங்குவது ஒன்று. ஆடுகிறவருக்குத் தாளம் போட்டு, ஜதி எனும் தாளச் சொற்களைச் சொல்லும் நட்டுவாங்கத்தையும் வகுப்பையும் சேர்த்துத் தொழிலாக வைத்துக்கொள்வது மற்றொன்று. நான் முதல் வழியில் பதினோரு ஆண்டுகள் நடந்துவிட்டு இரண்டாவது வழிக்கு வந்தவள். வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் சாய்வு நட்டுவாங்கத்தின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். பெயரும் புகழும் தனிக்கச்சேரிக்கே உண்டு. அழைப்பிதழில் பெரிய எழுத்து ஆடுகிறவருக்கு, சிறிய எழுத்து நட்டுவனாருக்கு. முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில், கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை முக்கால் மணி நேரம் ஆடும் முழங்கால் நாற்பதுக்கு மேல் கணக்குக் கேட்கும் என்பதும், உட்கார்ந்து தாளம் போடுகிறவருக்கு அந்தக் கவலை குறைவு என்பதும் யாரும் விளக்க வேண்டியவை அல்ல. வகுப்பு எடுப்பது இரண்டு வழிக்கும் பொது. பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவதும் பொது.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. ஒரு கச்சேரி நடந்து முடிந்த இரவில் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மேடையின் நடுவில் நிற்பவர் கொடுப்பவர். ஓரத்து விரிப்பில் அமர்ந்திருப்பவர்கள் வாங்குபவர்கள். இதை நான் எட்டாம் ஆண்டில்தான் முழுமையாக உணர்ந்தேன். 2009 டிசம்பரில் ஒரு சபாவில் மாலை நான்கு மணிக் கச்சேரி. ஒப்பனை அறையில் தலைசாமானைக் கூடக் கழற்றாமல், மடியில் ஐந்து உறைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினேன்: நட்டுவாங்கம் 3000, பாட்டு 3500, மிருதங்கம் 2500, வயலின் 2500, ஒப்பனைக்காரருக்கு 1500. ஆக மொத்தம் 13000 ரூபாய். சபா கொடுத்த உறையைப் பிரித்தபோது அதில் 3000 இருந்தது. ஒத்திகை நாட்களின் ஆட்டோச் செலவையும் காபி பலகாரத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மிருதங்கக்காரர் உறையை வாங்கிக்கொண்டு, "நல்லா இருந்ததும்மா, அடுத்தது எப்ப?" என்று அன்பாகத்தான் கேட்டார். அடுத்தது என்றால் இன்னொரு பத்தாயிரம் என்பதுதான் என் மனத்தில் ஓடியது.

கச்சேரிகள் கூடக் கூட வருமானம் கூடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சீசனில் ஐந்து மேடை கிடைத்தால் பெற்றோர் ஊரெல்லாம் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் பெரும்பாலான நடுத்தர நர்த்தகிகளுக்கு ஒவ்வொரு மேடையும் கைப்பணம் போட்டு நடத்துகிற ஒன்றாகவே இருக்கிறது. அதை வகுப்பு வருமானமோ, கணவர் சம்பளமோ, அப்பாவின் ஓய்வூதியமோ தாங்குகிறது. தாங்குவார் இருக்கும்வரை அந்த நர்த்தகி களத்தில் இருப்பார். இல்லாதபோது, ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாமலே, காணாமல் போய்விடுவார். என்னோடு ஆடத் தொடங்கிய ஒன்பது பேரில் இன்று தனிக்கச்சேரி செய்பவர்கள் இருவர், அந்த இருவருக்கும் பின்பலம் வலுவானது. நின்றுபோனவர்களில் குறைந்தது மூவர் என்னைவிட நன்றாக ஆடியவர்கள்.

ஒலிப்பதிவுக்கு ஆடினால் இந்தச் செலவு ஒரே முறையோடு போகும் என்பது உண்மை. ஆனால் பேர்பெற்ற மேடைகள் பக்கவாத்தியத்தோடுதான் எதிர்பார்க்கின்றன. அதோடு, பதம் எனும் அபிநயப் பாடலின் ஒரு வரியைப் பாடகர் மூன்றாம் முறை பாடுவாரா நான்காம் முறை பாடுவாரா என்பது ஆடுகிறவரின் கண்ணைப் பார்த்து முடிவாக வேண்டியது. பதிவில் அது முன்பே முடிந்துபோன விஷயம்.

நட்டுவாங்கத்தில் கணக்கு தலைகீழாகிறது. கருவி என்று வேண்டுவது ஒரு ஜோடித் தாளம், ஒன்று வெண்கலம், மற்றது இரும்பு. என்னுடையது பன்னிரண்டு ஆண்டுகளாக அதே ஜோடிதான், கயிறு மட்டும் நான்கைந்து முறை மாற்றியிருக்கிறேன். அதற்குமேல் பராமரிப்பு என்றால் தொண்டைதான். ஜதி சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிக்கொள்ளும் மார்கழியில் வெந்நீரும் மிளகுக் கஷாயமுமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. முதலீடு முழுவதும் கல்வியில் இருக்கிறது. ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் நட்டுவாங்கம் வந்துவிடாது. நான் இரண்டு ஆண்டுகள் மிருதங்கம் படித்தேன், பாட்டை மறுபடி தொடக்கப் பாடமான கீதத்திலிருந்து தொடங்கினேன். முதல் கச்சேரியில், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அமைந்த முடிப்பு ஜதி (தீர்மானம்) ஒன்றில் சொற்கட்டை அரை அட்சரம், அதாவது தாளத்தின் அரை எண்ணிக்கை, முந்திவிட்டேன். ஆடிய பெண் புன்னகை மாறாமல் ஒரு கணம் காலின் தட்டை நிறுத்தி வைத்து என்னைக் காப்பாற்றினாள். ஆடிக்கொண்டிருந்த காலத்தில் நான் யாரையும் அப்படிக் காப்பாற்றியதாக நினைவில்லை.

இந்த வழியில் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. நட்டுவாங்கம் பெரும்பாலும் இசை வேளாளர் குடும்பத்து ஆண்களின் கையில் இருந்த காலத்தில், வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்ற கே. ஜே. சரஸா தாளத்தைக் கையில் எடுத்துத் தமக்கென மாணவியர் பரம்பரையே உண்டாக்கினார். முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவும் அவரிடம் பயின்றவரே. அடையாறு கே. லட்சுமணன் கலாக்ஷேத்ராவில் ஆட்டத்தோடு பாட்டு, மிருதங்கம், நட்டுவாங்கம் எல்லாம் கற்று, 1969-இல் சொந்தப் பள்ளி தொடங்கி, 2014-இல் மறையும்வரை ஆசிரியராகவும் நட்டுவனாராகவும் அறியப்பட்டார். ஒரே ஆள் பல வேலை தெரிந்து வைத்திருந்ததால்தான் அவரது கலைவாழ்வு அவ்வளவு நீண்டது என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு மறுப்பாகப் பாலசரஸ்வதியின் பெயரைச் சொல்வார்கள். 1973-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் நாட்டியக் கலைஞர் அவர். தனி ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்டு சிகரம் தொட்டவர். ஆனால் அவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் கற்பித்தார் என்பதையும், இசைக் குடும்பத்தில் பிறந்து பாடிக்கொண்டே அபிநயிக்கும் அளவுக்குச் சங்கீதம் கைவரப் பெற்றிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

என் பக்கத்துக் குறைகளையும் மறைப்பதற்கில்லை. நட்டுவாங்கத்துக்கு யாராவது அழைக்க வேண்டும். சொந்த மாணவிக்குச் சொந்தக் குருவே தாளம் போடும் வழக்கம் இருப்பதால், குரு ஊரில் இல்லாத நர்த்தகிகளும், நட்டுவாங்கம் செய்யாத ஆசிரியர்களும்தான் நமக்கு வாய்ப்பு. முதல் மூன்று ஆண்டுகள் எனக்கு மாதம் ஒரு கச்சேரி கிடைத்தாலே பெரிது. டிசம்பரில் ஒரே நாளில் இரண்டு மேடை வரும், ஜூலையில் ஒன்றும் வராது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு இரவு ஒத்திகைகள் கடினம். விருதுக் குழுக்களின் கண்ணும் நடுமேடையைத்தான் பார்க்கிறது. அதை எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

இசைக் கல்லூரிகளிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் ஆசிரியர் பணி என்பது மூன்றாவது வழி. மாதச் சம்பளம் என்ற நிம்மதி அதில் உண்டு என்று அங்கே இருக்கும் தோழிகள் சொல்கிறார்கள், காலியிடம் எப்போது வரும் என்று காத்திருந்த கதையையும் அவர்களே சொல்கிறார்கள். நான் அந்த வேலையில் இருந்தவள் இல்லை. ஆகவே அதை இந்த இரண்டோடும் எடைபோட நான் தகுதியானவள் அல்ல. குழு நாட்டிய நாடகங்களிலும் என் அனுபவம் இரண்டு தயாரிப்புகளோடு நின்றுவிட்டது.

வழி மாற நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது காலத்தைப் பற்றி மட்டும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் இருபதுகளிலேயே மிருதங்க வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். முழங்கால் வலி வந்தபிறகு தாளத்தை எடுப்பவர்களுக்குக் கற்கும் பொறுமையும் குறைந்துவிடுகிறது, கச்சேரிக்கு அழைக்கக்கூடிய சமவயதுத் தோழிகளும் அதற்குள் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வந்த முதல் நான்கு அழைப்புகளும் என்னோடு ஆடியவர்களிடமிருந்தே வந்தன.

ஆட்டத்தை நான் முற்றாக விட்டுவிடவில்லை. சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி எனும் கோயில் நடன விழா வழக்கம் இன்று டெல்டாவின் பல கோயில்களுக்குப் பரவியிருக்கிறது. மகா சிவராத்திரியை ஒட்டி அவற்றில் ஏதாவது ஒன்றில் இருபது நிமிடம் ஆடுகிறேன். பஸ் செலவு என்னுடையது. பதிவுக்குத்தான் ஆடுகிறேன், ஆனால் அதில் தாளம் போட்டு ஜதி சொல்லியிருப்பதும் நானே என்பதால் உறை எதுவும் எழுத வேண்டியதில்லை.