650 யூரோ போச்சு: நெதர்லாந்தில் லென்ஸ் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒரு மெயில். "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது. டெபாசிட் 650.00 யூரோ உரிமையாளருக்கு வழங்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அந்தக் கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உத்ரெக்ட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். வேலை வேறு, படம் எடுப்பது சனி ஞாயிறு கிறுக்கு. ஏப்ரல் வந்தால் டியூலிப் பார்க்க வருகிற நம் ஆட்கள் நிறையப் பேர், பெரிய லென்ஸ் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். போன வருடம் வரை நானே கை காட்டிக்கொண்டிருந்த வகை இடம்தான் இது. பெயர் சொல்லப்போவதில்லை. தனி ஆட்கள் தங்கள் வீட்டுப் பொருளை, ட்ரில்லிங் மெஷினிலிருந்து டென்ட் வரை, நாள் வாடகைக்கு விடுகிற ஆப் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆப்காரர்கள் கமிஷன் எடுப்பார்கள், டெபாசிட்டைப் பிடித்து வைப்பார்கள். டெபாசிட்டை இவர்கள் 'போர்க்' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது வயிறு எரிகிறது.

எதற்காக லென்ஸ் என்று கேட்பீர்கள். இந்த நாடு தட்டையாக இருக்கிறது. மலை இல்லை, மேடு இல்லை. அகலமான லென்ஸில் எடுத்தால் கீழே ஒரு பச்சைக் கோடு, மேலே வானம், நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு காற்றாலை. 17-ஆம் நூற்றாண்டில் ஹார்லெம் ஊரை வரைந்த யாகோப் வான் ராய்ஸ்டால் படத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்கே கொடுத்துவிட்டார். மேகத்தை அப்படி வரையத் தெரிந்தவருக்கு அது சரி. எனக்குத் தெரிந்த வழி, தூரத்தில் நின்று 400 மி.மீ. லென்ஸில் இழுப்பது. நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளியில் நிற்கிற ஆலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி வந்து நிற்கும். டியூலிப் வரிசைகள் சேலை பார்டர் மாதிரி பட்டை பட்டையாக விழும். அந்த லென்ஸை விலைக்கு வாங்க வக்கில்லை. மூன்று நாளைக்கு 54 யூரோ வாடகை, 12 யூரோ 'பாதுகாப்புக் கட்டணம்', 650 யூரோ டெபாசிட். ரூபாயில் போட்டுப் பார்த்தால் அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேல். திரும்பி வருகிற பணம்தானே என்று அட்டையைத் தேய்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹௌடா ரயில் நிலைய வாசலில் லென்ஸ் உரிமையாளரோடு சந்திப்பு. (நாம் கவுடா சீஸ் என்று படிக்கிறோமே, அந்த ஊர்தான்.) தூறல். ஆள் நாற்பது வயதைத் தாண்டியவர், தோளில் தேய்ந்துபோன கேமரா பை. அந்தப் பையைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. புதுப்பை வைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேனோ என்னவோ.

லென்ஸைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்துக் காட்டினார். முன்னால் யு.வி. ஃபில்டர், அதாவது லென்ஸ் கண்ணாடியைக் காக்க அதன் மேல் மாட்டுகிற இன்னொரு கண்ணாடி, மாட்டியிருந்தது. "கழற்றிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதுதான் கொடுமை. "மழையில் வேண்டாம், உள்ளே ஈரம் போனால் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி புதுசு மாதிரி இருக்கும், நான் எப்போதும் ஃபில்டரோடுதான் வைத்திருப்பேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆப்பில் 'பொருளின் நிலையைப் படம் எடுக்கவும்' என்று ஒரு கட்டம் வந்தது. "அதெல்லாம் ட்ரில்லிங் மெஷின் ஆட்களுக்கு. நாம் இரண்டு பேரும் படம் எடுக்கிறவர்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே 'பிறகு' என்பதை அழுத்தினேன்.

அப்புறம் தன் போனை எடுத்து, காற்றாலைகளுக்குப் பேர்போன கிண்டர்டைக்கில் அவர் எடுத்த படங்களைக் காட்டினார். பனி உறைந்த கால்வாய், அதில் சறுக்குகிறவர்கள், பின்னால் ஆலைகள். பொறாமைப்படும்படியான படங்கள். "எல்லாரும் நுழைவாயில் பக்கமே நின்று எடுப்பார்கள். நீங்கள் பாலம் தாண்டி உள்ளே நடந்துகொண்டே இருங்கள். ஆலைகள் ஒன்றோடொன்று ஒட்டுகிற மாதிரி தெரிகிற இடம் வரும், அங்கே நில்லுங்கள்" என்றார். கைகுலுக்கினார். பத்து நிமிடத்தில் ஒரு குருவே கிடைத்துவிட்ட மாதிரி ரயில் ஏறினேன்.

அவர் சொன்ன இடம் உண்மை. அதுதான் இன்னும் எரிச்சல். வெள்ளிக்கிழமை காலை தோழியின் காரில் ஐந்து மணிக்கே கிளம்பி கிண்டர்டைக் போனோம். அங்கே மொத்தம் 19 ஆலைகள், பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற வயல்களிலிருந்து தண்ணீரை மேலே தள்ளத்தான் அவற்றைக் கட்டினார்கள், 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சில ஆலைகளில் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கொடியில் துணி காய்ந்தது, ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஆறரைக்கு மூடுபனி தண்ணீரோடு ஒட்டி நகர, சூரியன் ஆலைகளுக்குப் பின்னால் ஏறியது. அவர் சொன்ன மாதிரியே ஐந்து ஆலைகள் ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி நின்றன. என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் எது என்றால் அதுதான். 650 யூரோ படம்.

சனிக்கிழமை டியூலிப் வயல்கள் உள்ள லிஸ்ஸ பக்கம். கொய்கன்ஹோஃப் பூங்காவுக்குள் போகவில்லை, கூட்டம். வெளியே வயல்கள்தான் எனக்கு வேண்டும். ஏப்ரல் கடைசி என்பதால் பாதி வயல்களில் பூத்தலையை மெஷின் வெட்டிவிட்டிருந்தது. இங்கே விவசாயிக்குக் கிழங்குதான் காசு. பூவை விட்டால் கிழங்கின் சத்தை அது இழுத்துக்கொள்ளும் என்று வெட்டிப் போட்டுவிடுவார்கள். பார்க்க மனசு கேட்காது, ஆனால் வரப்பில் சிவப்பு இதழ் குவிந்து கிடப்பதும் நல்ல படம்தான். (வயலுக்குள் இறங்காதீர்கள். அது தனியார் நிலம், நம் செருப்பில் ஒட்டுகிற மண்ணோடு நோய் பரவும். சாலையோரத்திலிருந்தே 400-இல் எல்லாம் கிடைக்கும்.)

அங்கேதான் என் தலையெழுத்து. இலையில் பளபளப்பு அதிகமாக இருந்ததால் அவருடைய யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு பளபளப்பைக் குறைக்கிற என்னுடைய போலரைசர் ஃபில்டரை மாட்டினேன். காற்று, கையில் இரண்டு ஃபில்டர், சைக்கிள்காரர்கள் மணி அடிக்கிறார்கள். கண்ணாடியை உற்றுப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து பழையபடி மாற்றிவிட்டேன். துணிகூடப் போட்டுத் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹீத்தோர்ன். கரி மண் வெட்டியெடுத்த காலத்துக் கால்வாய்கள், மரப்பாலங்கள், கூரை வேய்ந்த வீடுகள். படகுக் கூட்டம் நம் ஊர்த் தேரோட்டம் மாதிரி. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அன்று இரவு எட்டரைக்கு அதே ரயில் நிலைய வாசலில் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பேசாமல் ஃபில்டரைக் கழற்றினார். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். "இது என்ன?" கண்ணாடி ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நான் எதுவும் செய்யவில்லையே" என்றேன். உடனே பன்னிரண்டு படம் எடுத்து ஆப்பில் ஏற்றினார். வியாழக்கிழமை தேவையில்லாத அந்தக் கட்டம் ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆப்காரர்களுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். போலரைசர் மாற்றினதையும் எழுதினேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

திங்கள் பதில் இல்லை, அரசர் நாள் விடுமுறை. ஊரே ஆரஞ்சுச் சட்டையில் ஆடுகிறது, நான் போனைத் திறந்து திறந்து மூடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு பதில்: "உங்கள் விரக்தியைப் புரிந்துகொள்கிறோம்." வியாழன் இன்னொரு பெயரில் அதே பதில். பாதுகாப்புக் கட்டணம் 12 யூரோ கட்டினேனே என்று கேட்டதற்கு, அது திருட்டுக்கு மட்டும் என்றார்கள். தொலைபேசி எண் கேட்டதற்கு உதவிப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தின் அடியில் 'எங்களுக்கு எழுதவும்' என்று இருக்கிறது, அழுத்தினால் முதல் பக்கத்துக்கே வருகிறது.

பத்தாம் நாள் தீர்ப்பு. ஃபில்டர் என் கையில் இருந்தபோது கழற்றப்பட்டதாக நானே ஒப்புக்கொண்டிருக்கிறேனாம். ஆகவே கீறலுக்கு நான்தான் பொறுப்பாம். பழுதுச் செலவு என்று உரிமையாளர் கொடுத்த மதிப்பீடு: 650.00. டெபாசிட்: 650.00. ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்தக் கடை என்று கேட்டேன். 'தனியுரிமை காரணமாக' சொல்ல முடியாதாம்.

அம்மாவிடம் போனில் அழுதேன். "ஏன்டி, கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுத்தாலே உங்க தாத்தா எங்கெங்க ஒடுக்கு இருக்குன்னு தடவிப் பார்த்துச் சீட்டுல எழுதி வாங்குவாரு. நீ கண்ணாடியைப் பார்க்காமயா வாங்கினே?" என்றார். பார்க்கவில்லை. மூன்று நாளில் 1,840 படம் எடுத்திருக்கிறேன். அந்த லென்ஸை ஒரு படம் எடுக்கவில்லை.

அந்த 1,840 படங்களையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். முன் கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் சாதாரணப் படத்தில் தெரியாது, அது ஃபோகஸ் ஆகாத அளவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் நேர் வெயிலில் எடுத்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். கிண்டர்டைக் படத்தைப் பெரிதாக்கினேன். சூரியனுக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைத் தீற்றல். அடுத்த படத்திலும், அதற்கடுத்ததிலும் அதே இடம், அதே சாய்வு. வெள்ளிக்கிழமை காலை 6.31. நான் ஃபில்டரைக் கழற்றுவதற்கு ஒரு நாள் முன்னால். மூடுபனி என்று நினைத்து நான் ரசித்தது அந்தக் கீறலைத்தான்!

ஒன்பது படங்களை மூல ஃபைலோடு அனுப்பினேன். பதில் நாலு வரி: கேமரா கடிகாரத்தை யாரும் மாற்றி வைக்கலாம், அந்தத் தீற்றல் ஃபில்டரால்கூட வந்திருக்கலாம், முடிவில் மாற்றம் இல்லை, புரிதலுக்கு நன்றி.

தோழி தன் கணக்கிலிருந்து லென்ஸ்காரருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தாள், கண்ணாடியில் கீறல் ஏதும் உண்டா என்று. "இல்லை, புதுசு மாதிரி இருக்கும்" என்று பத்து நிமிடத்தில் பதில். பழுது பார்த்துவிட்டாரோ? 650 யூரோ அவர் கைக்குப் போகும் முன்பேயா? அதையும் படம் பிடித்து அனுப்பினேன். 'வேறு பயனரின் உரையாடலைக் கணக்கில் எடுக்க இயலாது.' அதற்குப் பிறகு வந்ததுதான் நேற்றைய மெயில், நட்சத்திரக் கேள்வியோடு.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இங்கே 25,000 யூரோவுக்குள் உள்ள வழக்குக்கு வக்கீல் இல்லாமலே, சின்ன வழக்குகளைப் பார்க்கிற கன்டோன் நீதிபதியிடம் போகலாம், தெரியும். ஆனால் நீதிமன்றக் கட்டணம் கட்டி, டச்சில் எழுதி, லீவு போட்டு, அந்த ஆளின் முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். யோசிக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், மழை பெய்தால் ஸ்டேஷனுக்குள்ளே போய்ப் பாருங்கள். கண்ணாடி மேல் டார்ச் அடித்து, கொடுக்கிறவர் கையோடு சேர்த்துப் படம் எடுங்கள், ஆப்பிலேயே ஏற்றுங்கள். 'பாதுகாப்பு' என்று காசு வாங்கினால் எதற்குப் பாதுகாப்பு என்று படியுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி பொருளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், சண்டை போட நாள் வேண்டும். முடிந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கதவு, கல்லா, ஆள் உள்ள கடையில் எடுங்கள்.

கிண்டர்டைக் படத்தைப் போடச் சொல்லிக் கேட்பீர்கள். இப்போது வேண்டாம், பார்த்தால் அந்தத் தீற்றல்தான் தெரிகிறது.

காலையில் ஆப்பைத் திறந்து பார்த்தேன். அந்த லென்ஸ் பட்டியலில் இருக்கிறது, அதே பழைய படத்தோடு. நாள் வாடகை 18 யூரோ, டெபாசிட் 650. வருகிற சனி ஞாயிறுக்கு 'பதிவாகிவிட்டது' என்று காட்டுகிறது.