ஹட்டன் பொருளியல் வகுப்பு: பின்வாங்கிலிருந்து ஒரு பார்வை

தங்கச்சியை உயர்தரப் பொருளியல் வகுப்பில் விடப் போனவன், மழைக்குப் பின்வாங்கில் ஒதுங்கி மூன்று மணித்தியாலமும் கேட்டுவிட்டேன்.

சேர் ஒரு இறாத்தல் பாணை மேசையில் வைத்துத் தொடங்கினார். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். அந்த செப்டெம்பரில் நமக்கு, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, 69.8. "அவங்க ஒம்பதுக்கே பதறிட்டாங்க" என்றதும் வகுப்பே சிரித்தது. அதை அடக்க அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் பூச்சியத்தை ஒட்டிக் கிடந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதம் வரை ஏற்றியது. பிரேசில், பெடரல் ரிசர்வ் ஏற்றத் தொடங்குவதற்கு ஒரு வருசம் முந்தியே, 2021 மார்ச்சில், 2 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 13.75இல் நின்றது.

வட்டி ஏறியும் 2023 ஏப்ரலில் அமெரிக்க வேலையின்மை ஏன் 3.4 சதவீதம் மட்டும்? ஒரு பிள்ளை கேட்டது. வேலை தேடியவர்களைவிடக் காலியிடங்கள் கூட. கம்பனிகள் புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்தன, இருந்தவர்களை விடவில்லை என்றார். தேயிலைக் கொழுந்து கூடின மாசத்தில் ஆளை யார் அனுப்புவது?

ஆர்ஜன்டீனாவின் 211 சதவீதப் பணவீக்கத்தை, அதுவும் 2023 வருசக் கணக்கை, இரண்டே நிமிசத்தில் ஓட்டியதுதான் எனக்குக் கோபம். நோட்டுப் போட்டோக்கொப்பியும் மங்கல். கூரை ஒழுகுகிறது. மஸ்கெலியா பஸ் பிடிக்கிறவர்கள் கதவுப் பக்கம் உட்காருங்கள்.