சின்ன ஐஎஸ்பிக்கு எந்த மானிட்டரிங்? லிப்ரேஎன்எம்எஸ்ஸா ஜாபிக்ஸா

போன ஐப்பசி மழையில ஒரு ராத்திரி எங்க மெயின் ஃபைபர் கட்டாச்சு, கஸ்டமர் போன் பண்ணிச் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அப்ப நெட்வொர்க் பெட்டியெல்லாம் உயிரோட இருக்கான்னு பாத்துச் சொல்ற மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல தி டூட் மட்டும்தான் ஓடிட்டிருந்துச்சு. அது மேல தப்பில்ல, அது இருந்த கம்ப்யூட்டரோட யூபிஎஸ் பேட்டரி செத்து நாலு நாளா ஆஃப்ல கிடந்துருக்கு, யாரும் பாக்கல. ஓனர் வந்து ஒழுங்கா ஒண்ணு போடுங்கப்பான்னு சொல்லிட்டுப் போனாரு, அதுலதான் இந்த வேலையே ஆரம்பிச்சுது.

நாங்க கேபிள் டிவியில இருந்து நெட் பக்கம் வந்த, சி கேட்டகரி (சின்ன ஏரியாவுக்கான) லைசென்ஸ் வச்சிருக்கிற சின்ன ஐஎஸ்பி. மைக்ரோடிக் ரவுட்டர், ஸ்விட்ச், ஓஎல்டி (வீட்டு ஃபைபர் எல்லாம் வந்து சேர்ற எங்க பக்கத்துப் பெட்டி) எல்லாம் சேத்து ஒரு 180 பெட்டி. பாத்துக்க ஆள் ரெண்டே பேரு, நானும் ஒரு தம்பியும்.

பிஆர்டிஜிங்கிற மானிட்டரிங் சாஃப்ட்வேரை சீக்கிரமே கழிச்சுட்டோம். விண்டோஸ்ல ஏத்துனா சட்டுனு கிராஃப் வந்துடும், பாக்கவும் அழகு, ஆனா சென்சார் (அது அளக்குற ஒவ்வொரு விஷயமும் ஒரு சென்சார்) கணக்குல காசு, 100 சென்சார் வரைக்கும்தான் ஃப்ரீ. 24 போர்ட் ஸ்விட்ச்ல போர்ட்டுக்கு ஒரு சென்சார்னா நாலு ஸ்விட்ச்லயே தீந்துடுச்சு. பெரிய கம்பெனிக்குச் சரி.

மிச்சம் இருந்தது ஜாபிக்ஸும் லிப்ரேஎன்எம்எஸ்ஸும். ரெண்டும் ஃப்ரீ, ரெண்டும் லினக்ஸ், அலர்ட்டை டெலிகிராமுக்கு அனுப்புறதும் ரெண்டுலயும் உண்டு. (டூட் குடுக்குற மைக்ரோடிக், ஜாபிக்ஸ் ரெண்டுமே லாட்வியாவுல ரீகாக்காரங்க, அந்த ஊர்ல என்ன தண்ணி குடிக்கிறாங்களோ.) நான் எடுத்தது லிப்ரே. 2013ல அப்சர்வியம்ங்கிற இன்னொரு மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது இது.

ஏன்னு கேட்டா ஒரே காரணம்தான், பராமரிப்பு. எது நல்லா கிராஃப் போடும்னு நான் பாக்கவே இல்ல, நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு தம்பி ஒரு புது ஸ்விட்ச் மாட்டுனா என்ன ஆகும்னுதான் பாத்தேன். லிப்ரேல ஐபியும் எஸ்என்எம்பி (பெட்டிகிட்ட நிலவரம் கேக்குற முறை) கம்யூனிட்டியும், அதாவது அதோட பாஸ்வேர்ட் மாதிரி ஒண்ணு, குடுத்தா போதும், அது என்ன பெட்டி, எத்தனை போர்ட், எஸ்எஃப்பியில (ஃபைபர் சொருகுற மாட்யூல்) லைட் எவ்ளோ, டெம்பரேச்சர் எவ்ளோ எல்லாத்தையும் அதுவே தோண்டி எடுத்துக்கும், எல்எல்டிபி (பக்கத்துப் பக்கத்துப் பெட்டிங்க ஒண்ணையொண்ணு அறிமுகப்படுத்திக்கிற முறை) ஆன்ல இருந்தா பக்கத்துப் பெட்டியையும் தானே சேத்துக்க வைக்கலாம். ஜாபிக்ஸ்ல பெட்டியை ஹோஸ்ட்டா சேத்து சரியான டெம்ப்ளேட்டை (அந்தப் பெட்டிகிட்ட என்னென்ன கேக்கணும்ங்கிற பட்டியல்) மாட்டணும். மைக்ரோடிக், சிஸ்கோ மாதிரி தெரிஞ்ச கம்பெனிக்கு அதுலயே வருது, ஆனா கம்பத்துல தொங்குற பேர் தெரியாத சீன ஸ்விட்சுக்கு ஜெனரிக் டெம்ப்ளேட்தான், அதுக்கு மேல வேணும்னா நாமளே உக்காந்து எழுதணும். தம்பி எழுத மாட்டான், நான் எழுதுனா நான்தான் ஆயுசுக்கும் பாத்துக்கணும்.

அடுத்தது டிஸ்க். ஜாபிக்ஸ் ஒவ்வொரு ரீடிங்கையும் டேட்டாபேஸ்ல போடும், அது வளந்துக்கிட்டே போகும், ஹிஸ்டரி (முழு ரீடிங்) எத்தனை நாள், ட்ரெண்ட் (மணிக்கணக்குச் சுருக்கம்) எத்தனை நாள்னு முடிவு பண்ணணும், ஹவுஸ்கீப்பர் பழசை அழிக்கும்போது சர்வர் மூச்சு வாங்கும், அப்புறம் பார்ட்டிஷன் போடு, டைம்ஸ்கேல்டிபிங்கிற டேட்டாபேஸ் எக்ஸ்டென்ஷன் போடுன்னு அது தனி உத்தியோகம். லிப்ரே ஆர்ஆர்டி ஃபைல்ல எழுதுது, முத நாள் என்ன சைஸோ வருஷக்கணக்கா அதே சைஸ்தான். இதுக்கு விலை என்னன்னா பழசெல்லாம் சராசரி ஆயிடும், மூணு மாசத்துக்கு முன்னாடி ராத்திரி 9 மணிக்கு என்ன ஆச்சுன்னு நிமிஷக் கணக்குல கேட்டா கிடைக்காது. எங்ககிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல.

ஓஎல்டி விஷயத்துல மட்டும் நேர்மையா சொல்லிடறேன், லிப்ரே இங்க திணறுது. சில ஓஎல்டி ஒவ்வொரு ஓஎன்யூவையும் (கஸ்டமர் வீட்டு ஃபைபர் பெட்டி) ஒரு போர்ட்டா காட்டும், 8 பான் (ஃபைபர் கிளம்புற போர்ட்), ஒண்ணுக்கு 64 ஓஎன்யூன்னு ஃபுல்லா இருந்தா 512 போர்ட். டிஃபால்ட் போலிங், அதாவது பெட்டிகிட்ட போய்க் கேக்குறது, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு பெட்டிக்கே 300 செகண்டத் தாண்டிடுச்சுன்னா கிராஃப்ல ஓட்டை ஓட்டையா விழும். வேண்டாத போர்ட்டைப் பேரை வச்சு ஒதுக்கிவிட்டுத்தான் சரி பண்ணேன். ஆனா கஸ்டமர் வீட்டு லைட் -27 டிபிஎம்முக்குக் கீழ போனா உடனே தெரியணும்னா ஜாபிக்ஸ்தான், அதோட லோ லெவல் டிஸ்கவரி ஓஎன்யூ டேபிளை அப்படியே நடந்து ஒவ்வொண்ணுக்கும் ஐட்டமும் (அளக்குறது) ட்ரிக்கரும் (எப்ப அலர்ட்டுங்கிற விதி) போட்டுடும். அதனால ஆறு ஓஎல்டிக்கு மட்டும் சின்னதா ஒரு ஜாபிக்ஸ் தனியா ஓடுது, டெம்ப்ளேட் நான்தான் எழுதுனேன், ஆமா, மேல சொன்னதை நானே மீறிட்டேன்.

ஜாபிக்ஸை முழுசா ஓட்டிப் பாத்தது மூணு மாசம்தான், அதுவும் டெஸ்ட்ல. ஆயிரம் பெட்டிக்கு மேல இருக்கிறவங்களுக்கு ப்ராக்ஸி அது இதுன்னு கணக்கே வேற, அவங்க நான் சொல்றதைக் கேக்க வேண்டாம்.

எதைப் போட்டாலும் எஸ்என்எம்பி வெர்ஷன் 1ல போடாதீங்க. அதுல 64 பிட் கவுண்டர் (போர்ட்ல போன டேட்டாவை எண்ணுறது) கிடையாது, 32 பிட் கவுண்டர் 1 ஜி லிங்க் ஃபுல்லா ஓடுனா 34 செகண்டுல நிறைஞ்சு மறுபடி சைபருக்குச் சுத்தி வந்துடும், கிராஃப் பொய் சொல்லும். வெர்ஷன் 2சி (வி2சி) போடுங்க. அப்புறம் லிப்ரேல பேரண்ட் டிவைஸ் (எந்தப் பெட்டிக்குப் பின்னாடி எது தொங்குதுன்னு) செட் பண்ணிடுங்க, இல்லன்னா ஒரு ஃபைபர் கட்டுக்கு 40 அலர்ட் வந்து தம்பி போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிடுவான்.

டூட் இன்னும் டிவியில மேப்பா ஓடுது, லைன்மேன் அண்ணனுங்களுக்கு சிவப்பு பச்சை பாத்தாத்தான் புரியுது. வெளிய ஒரு வாடகை சர்வர்ல (விபிஎஸ்) இருந்து லிப்ரே சர்வரை நிமிஷத்துக்கு ஒரு பிங், அது நின்னா எனக்கும் ஓனருக்கும் மெசேஜ். யூபிஎஸ்க்குப் புது பேட்டரி போட்டாச்சு.